கண்ணை மூடினால் முதலிலிருந்து

டப்பிங் தியேட்டரில் அவளுக்கு வைத்த பெயர் அலறல். கதாநாயகிக்குப் பேச ஒருத்தி வருவாள், பாட இன்னொருத்தி வருவாள். பேய் பின்னால் வந்து தோளில் கை வைக்கிறதென்றால் மட்டும் "கூப்பிடுய்யா அலறலை" என்பார்கள். வருவாள், ஒரு மடக்குத் தண்ணீர் குடிப்பாள், ஒரே டேக்கில் அலறிக் கொடுத்துவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டால், "எங்க சித்தப்பாகிட்ட" என்பாள். கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவள் ஒன்றும் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

சித்தப்பா ஒரு காலத்தில் வீடியோ கேசட் வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தார். முன்னால் கடை, பின்னால் டிவி வைத்த அறை. அம்மாவும் அப்பாவும் வேலையிலிருந்து திரும்பும்வரை, பள்ளிக்கூடம் விட்டதும் அவள் அந்த அறையில்தான் கிடக்க வேண்டும். அவள் தங்கை அப்போது கைக்குழந்தை, அம்மா வேலை பார்த்த இடத்துக் காப்பகத்தில் இருந்தாள். அதனால் தப்பித்தாள்.

பார்க்கக் கூடாத படத்தைப் பார்க்காத பிள்ளை உலகத்தில் உண்டா? அண்ணன்காரன் திருட்டுத்தனமாகப் போட்டுக் காட்டியிருப்பான், அல்லது மாமா அசந்து தூங்கியிருப்பார். அதெல்லாம் வளர்ந்தபிறகு சொல்லிச் சொல்லிச் சிரிக்கிற சங்கதி. இது அந்த ரகம் இல்லை. சித்தப்பாவின் அறையில் ஒரு பெஞ்சு கிடந்தது. அது டிவியைப் பார்த்துக் கிடக்கவில்லை, அவளைப் பார்த்துக் கிடந்தது. அதில் அவருடைய கூட்டாளிகள் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். "படத்தத்தான் எத்தனையோ தடவ பாத்தாச்சே, இவ மூஞ்சியப் பாருங்கடா, இதான் படம்" என்பார் சித்தப்பா. கழுத்து அறுபடும். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு கை நீளும். எட்டு வயதுப் பெண் கண்ணை மூடிக்கொள்வாள். உடனே அவர் டெக்கின் பொத்தானை அழுத்துவார், டேப் கிறீச்சிட்டுக்கொண்டு பின்னால் ஓடும்.

"கண்ண மூடினா முதல்லேருந்து ஓட்டுவேன்."

ஒருநாள் அவள் பாவாடை நனைந்து தரையில் வழிந்தது. அன்றைக்கு பெஞ்சு கைதட்டியது. அம்மாவிடம் போய்ச் சொன்னாள். துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "சினிமாதானேடி, எல்லாம் பொய்தானே" என்றாள். அம்மாவைக் குறைசொல்லி என்ன பண்ண, வேறு விடுவதற்கு இடமில்லை.

அதோடு போயிருந்தால்கூட மறந்திருப்பாள். அந்த மனுஷர் மறக்க விட்டாரா? எந்தக் கல்யாணமானாலும், யார் வீட்டுக் குழந்தைக்குப் பிறந்தநாள் ஆனாலும் சித்தப்பா எழுந்து நின்று, இரண்டு முட்டியையும் ஒட்டிக்கொண்டு, உதட்டைப் பிதுக்கி, அவள் அழுத மாதிரியே அழுது காட்டுவார். சொந்தபந்தம் முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். அவளும் சிரிப்பாள். சிரிக்காவிட்டால் 'இதுக்குப் போய் மூஞ்சியத் தூக்கறாளே' என்பார்கள். அவ்வளவு வருஷம் பல்லைக் காட்டியதில் உள்ளே மூண்டது ஒரு நாளும் அணையவில்லை.

இந்த நிலையில்தான் தங்கைக்கு நல்ல வேலை கிடைத்தது. அவளுடைய மகளுக்கு ஐந்து வயது.

"பாப்பாவ யார்கிட்ட விடறதுன்னுதான் மண்டைய உடைச்சுக்கிட்டு இருந்தேன்க்கா. சித்தப்பா தானா வந்து நான் பாத்துக்கறேன்னுட்டாரு. சும்மாதான் இருக்காராம். பெரிய டிவி வேற வாங்கியிருக்காரு" என்றாள் தங்கை.

"வேணாம். அந்தாளுகிட்ட மட்டும் விடாத" என்றாள் மூத்தவள்.

"ஏன்க்கா? பேய்ப்படம் காட்டினாரே, அதுவா? அது எந்தக் காலத்துக் கதை!"

"எனக்கு அது கதை இல்ல."

"சரி, பயந்த. யாருதான் சின்ன வயசுல பயப்படல? அந்தப் பயந்தானே இன்னைக்கு உனக்குச் சோறு போடுது. நியாயமா பாத்தா நீ அவருக்கு நன்றி சொல்லணும்."

பேசிப் புரியவைக்கிற விஷயமில்லை இது என்று மூத்தவளுக்குத் தெரிந்துவிட்டது. வரும் திங்கட்கிழமையிலிருந்து அந்தப் பெஞ்சுக்கு எதிரில் இன்னொரு குழந்தை உட்காரப் போகிறது. அதற்குள் அந்தப் பயம் எப்படிப்பட்டதென்று தங்கை தன் கண்ணால் பார்த்தாக வேண்டும். பார்ப்பதற்கு வழி இருந்தது. சொல்லப்போனால், அப்படியொரு வழி அமைந்ததில் அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தது. கொஞ்சம் என்ன, நிறையவே.

அவள் வேலை செய்த தியேட்டரில் ஒரு படத்துக்கு டப்பிங் போய்க்கொண்டிருந்தது. அதில் ஒரு கிழவர் லிஃப்ட்டில் மாட்டிக்கொள்கிறார். விளக்கு அணைகிறது. அவருக்குப் பின்னால் ஏதோ மூச்சு விடுகிறது. கிழவர் அலற வேண்டும். மூத்தவள் சித்தப்பாவுக்குப் போன் போட்டாள்.

"சினிமாவுல வாய்ஸ் குடுக்கறீங்களா சித்தப்பா? உங்கள விட்டா ஆள் இல்ல. போட்டோ எடுக்கத் தங்கச்சியையும் கூட்டிட்டு வாங்க."

அவருக்குத் தலைகால் புரியவில்லை. சலவைச் சட்டை, கமகமவென்று சென்ட்டு, தலைக்குப் புதுச் சாயம். கல்லுக்குண்டு மாதிரி வந்து இறங்கினார். போட்டோ எடுப்பதற்கென்று தங்கையையும் கையோடு கூட்டிவந்திருந்தார். வாசலில் காவலுக்கு நின்றவரிடம், "இந்தப் பொண்ணுக்கு அலறக் கத்துக்குடுத்ததே நான்தான்" என்று சொல்லிவிட்டு, நின்ற இடத்திலேயே முட்டியை ஒட்டி அழுதும் காட்டினார். சரி, நல்லது, காட்டட்டும் என்று மூத்தவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒலிப்பதிவு அறை ஒரு குளியலறை அளவுதான் இருக்கும். சுவரெல்லாம் பஞ்சு, ஒரு மைக், ஒரு சின்னத் திரை. கதவு கனமானது. கைப்பிடியை மேலே தூக்கி உள்ளே இழுத்தால்தான் திறக்கும். புதிதாக வருகிறவர்களுக்கு அதை முதலிலேயே சொல்லிக்கொடுப்பது வழக்கம். இவருக்கு யாரும் சொல்லவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சவுண்டு இன்ஜினியர் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் மூத்தவள், பின்னால் சோபாவில் தங்கை.

முதல் டேக்கில் சித்தப்பாவின் அலறல் கொட்டாவி மாதிரி வந்தது. தங்கை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இரண்டாவதில் கொட்டாவி கொஞ்சம் நீண்டது. இன்ஜினியர்கூடச் சிரித்துவிட்டார். கண்ணாடி வழியாக அவர்கள் சிரிப்பது சித்தப்பாவுக்குத் தெரிந்தது, சத்தம் மட்டும் கேட்கவில்லை. அவரும் சேர்ந்து இளித்தார்.

"உள்ள லைட்ட அணைச்சிருங்க சார். ஹெட்போன்ல அந்த மூச்சுச் சத்தத்தக் கூட்டுங்க" என்றாள் மூத்தவள்.

அடுத்த தடவை இளிப்பு இல்லை. அதற்கடுத்த தடவை காதுக்குள் மூச்சு வந்ததும் அவர் சட்டென்று திரும்பிப் பார்த்தார். பின்னால் பஞ்சுச் சுவர்தான் இருந்தது. திரை வெளிச்சத்தில் அவர் நெற்றி மினுமினுத்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

மூத்தவள் பொத்தானை அழுத்தி அவருடைய காதுக்குள் பேசினாள். "கண்ண மூடினா முதல்லேருந்து ஓட்டுவேன்."

சித்தப்பா கண்ணைத் திறந்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நேராக அவளைப் பார்த்தார். யார் சொன்ன வார்த்தை, எங்கே சொன்ன வார்த்தை என்று அவருக்குப் பிடிபட அதிக நேரம் ஆகவில்லை. ஹெட்போனைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கதவைத் தள்ளினார். தள்ளினால் அது திறக்காது. தோளால் இடித்தார். "திற! ஏய், திறடி!" என்று கத்தினார். அப்புறம் வார்த்தை நின்றுபோய் வெறும் சத்தம் வந்தது. நடிகர்கள் மாதக்கணக்கில் பழகினாலும் வராத சத்தம். மைக் அத்தனையையும் வாங்கிக்கொண்டது.

மூத்தவளுக்கு மனசெல்லாம் குளிர்ந்தது. அந்த முகத்தை அவள் சாவகாசமாகப் பார்த்தாள். முட்டிகள் நிஜமாகவே ஒட்டியிருந்தன. போதுமா என்று அவளுக்குள் ஒரு குரல் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவள் பதில் சொல்லியிருக்க மாட்டாள்.

தங்கை சோபாவை விட்டு எழுந்து ஓடிவந்தாள். "என்னக்கா இது, திறந்து விடு! அவருக்கு மூச்சு வாங்குது!"

"சினிமாதானே. எல்லாம் பொய்தானே."

தங்கை அவளைப் பார்த்தாள், கண்ணாடியைப் பார்த்தாள், மறுபடி அவளைப் பார்த்தாள். ஏதோ கேட்க வாயெடுத்தாள். அதற்குள் இன்ஜினியர் பொறுக்கமாட்டாமல் எழுந்துபோய்க் கதவைத் திறந்துவிட்டார்.

சித்தப்பா வந்து சோபாவில் தொப்பென்று விழுந்தார். ஒரு பாட்டில் தண்ணீரைக் குடித்தார். மூச்சு சமப்பட்டதும் மானம் ஞாபகம் வந்துவிட்டது.

"எப்படி நம்ம நடிப்பு? நெஜம்னே நம்பிட்டீங்கல்ல?"

அவர் தங்கையின் பக்கம் திரும்பினார்.

"உங்க அக்கா இருக்காளே, சரியான தொட்டாச்சிணுங்கி. சப்ப விஷயத்தப் பிடிச்சுக்கிட்டுத் தொங்குவா. உன் பொண்ணு அப்படியில்ல, கெட்டிக்காரி. போன வாரம் கடைக்குப் போறேன்னு எங்கிட்ட விட்டுட்டுப் போனியே, சும்மா ஒரு படம் போட்டுப் பாத்தேன். பழைய கூட்டாளிங்களும் வந்திருந்தாங்க. அலறுறதுல இவளையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுருவா, போ!"

தங்கையின் முகம் வெளுத்துப்போனது. ஐந்து வயதுப் பிள்ளை ஒரு வாரமாக பாத்ரூமுக்குத் தனியாகப் போகவில்லை. பல் தேய்க்கும்போதுகூட அம்மாவின் நைட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றது. செல்லம் கொஞ்சுகிறது என்று இவள் அதட்டியிருந்தாள், நேற்றுக் காலையில் முதுகில் ஒன்று வைத்துமிருந்தாள். மூத்தவளுக்கு இதெல்லாம் அப்புறந்தான் தெரிந்தது.

"அவ கண்ண மூடினாளா சித்தப்பா?" என்று கேட்டாள் தங்கை.

"மூடினா விட்ருவேனா?"

தங்கை தலையாட்டினாள். அவர் கையிலிருந்த காலி பாட்டிலை மரியாதையாக வாங்கி மேசைமேல் வைத்தாள்.

"இப்ப அலறினது நடிப்புத்தானே சித்தப்பா?"

"பின்ன? நடிப்புத்தான்."

"நான் போட்டோ எடுக்காம விட்டுட்டேன். எனக்காக இன்னொரு தடவ நடிச்சுருங்க."

சித்தப்பா கண்ணாடிக்கு அப்பால் தெரிந்த இருட்டைப் பார்த்தார். நடிப்பு என்று வாயால் சொல்லியாயிற்று, இனி மாட்டேன் என்றால் என்ன அர்த்தம்? சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து உள்ளே போனார். தங்கை பின்னாலேயே போய்க் கதவைச் சாத்தினாள்.

இன்ஜினியர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கும் வீட்டில் பெண் குழந்தை இருந்தது. நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து, "நான் ஒரு டீ சாப்ட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

தங்கை அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அவரு காதுல பேசறதுக்கு எந்தப் பட்டன்க்கா?" என்றாள்.

மூத்தவள் காட்டினாள்.