நான்காம் வார்டின் தையல்காரர்

கடலோரத்துப் பழைய தொற்றுநோய் மருத்துவமனையில் இருந்த பத்தொன்பது பேய்களில் பதினெட்டு, ஒரே மழைக்காலத்துக்குள், சுற்றுலாப் பயணிகளோடு பஸ் ஏறிப் போய்விட்டன. எல்லாரும் ஒரு காலத்தில் கப்பலில் வந்து இறங்கியவர்கள். நோய் இருக்கிறதென்று அங்கே நிறுத்தி வைக்கப்பட்டு, வீட்டுக்குப் போகலாம் என்று யாராவது சொல்வார்கள் எனக் காத்திருந்தே செத்தவர்கள். முதல் வார்டில் மூன்று சகோதரிகள் காலைக் கூட்டத்துக்குத் தவறாமல் இருமிக் காட்டுவார்கள். இரண்டாம் வார்டின் மாலுமி நின்ற இடமெல்லாம் தரை ஈரமாகும். பயணிகள் வேண்டிய மட்டும் பயந்து, படம் பிடித்து, வாசலில் தேநீர் குடித்துவிட்டுச் சந்தோஷமாகத் திரும்புவார்கள்.

எல்லாம் ஒரு புது விதியால் வந்த வினை. கால் வலிக்கிறதென்று கட்டிலில் சாய்ந்த ஒரு பயணி அப்படியே தூங்கிப்போக, அவரை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார்கள். அதிலிருந்து, மூடும் நேரத்தில் வழிகாட்டி ஒவ்வொரு வார்டு வாசலிலும் நின்று குரல் கொடுக்க வேண்டும் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. வழிகாட்டி ஐம்பது வயதுக்காரி, கணவனை இழந்தவள், எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாதவள். "நேரம் முடிஞ்சிருச்சு, எல்லாரும் வெளிய வரலாம்!" என்று தொண்டை கிழியக் கூப்பிட்டாள். கையில் சாவிக்கொத்து வைத்திருக்கும் ஒருவர் வாயிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்க, உள்ளே இருந்தவர்கள் நூற்றுப்பத்து வருடமாகத் தவம் கிடந்தது யாருக்கும் தோன்றவில்லை. அன்று உள்ளே போனவர்கள் பதினான்கு பேர், வெளியே வந்தவர்கள் பதினேழு; முதல் நாள் நம்பி எழுந்தது மூன்று சகோதரிகள் மட்டும், மற்றவர்கள் அடுத்தடுத்த நாட்களில் ஒவ்வொருவராக. பஸ்ஸில் பினாயில் வாடை அடிக்கிறது என்று மட்டும் டிரைவர் குறைப்பட்டுக்கொண்டார்.

விஷயம் புரிந்த நாளிலிருந்து அவள் நான்காம் வார்டில் மட்டும் குரல் கொடுப்பதை நிறுத்தினாள். அந்த வார்டின் ஒரே பேயான தையல்காரர் அங்கே பதினோராம் கட்டிலில் இருந்தார். மதியம் அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டு எதிர்க் கட்டிலில் உட்காருவாள். அவர் அவள் சட்டையை ஆராய்வார்.

"யாரு அக்கா தைச்சது இது? ஒரு கை மட்டும் மேல தூக்கிட்டு நிக்குது."

"நூத்தி நாப்பத்திரண்டு வயசாச்சு உனக்கு. நான் உனக்கு அக்காவா?"

"செத்தப்ப முப்பத்திரண்டு. அதோட நின்னு போச்சு."

கணவன் போனபின் அவள் சட்டைக் கையை நிமிர்ந்து பார்த்தவர் வேறு யாருமில்லை. அவள் குடியிருந்த கட்டடத்தில் அவளை எல்லாருக்கும் ஒரு சாவிச் சத்தமாகத்தான் தெரியும்.

மழை ஓய்ந்தபோது மற்ற வார்டுகள் காலியாகிவிட்டன. மொத்தப் பாரமும் தையல்காரர் தலையில் விழுந்தது. அவரே மூன்று குரலில் இருமினார், தரையை நனைத்தார், திரைச்சீலையை இழுத்தார். முகம் சுளிக்கவில்லை. ஒருநாள் கூட்டம் நகர்ந்தபின் மெதுவாகக் கேட்டார்.

"மத்த வார்டுலல்லாம் கூப்பிடறீங்க. இங்க மட்டும் உங்க செருப்புச் சத்தம் வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிடுது. எம்மேல ஏதாவது கோபமாக்கா?"

"தொண்டை கட்டியிருக்கு" என்றாள்.

அவர் அதை அப்படியே நம்பினார். "வெந்நீர் குடிங்க" என்றார்.

அன்றே அவளுக்கு நிஜமாகவே தொண்டை கட்டிக்கொண்டது. நான்கு நாள் பேச்சே வரவில்லை. பயணிகளுக்குக் கையால் வழி காட்டினாள். ஐந்தாம் நாள் மூடும் நேரத்தில் நான்காம் வார்டு வாசலில் போய் நின்றாள். பிறகு, "எல்லாரும் வெளிய வரலாம்" என்றாள். குரல் பாதிதான் வந்தது. அது போதுமாக இருந்தது.

தையல்காரர் அவசரப்படவில்லை. போர்வையை மடித்தார், தலையணையைத் தட்டி வைத்தார். அவளைக் கடக்கும்போது தூக்கிக்கொண்டிருந்த சட்டைக் கையைக் கீழே இழுத்துச் சரிசெய்துவிட்டு, "அடுத்த தடவை நல்ல ஆள்கிட்ட குடுங்க" என்றார். கடைசி ஆளாகப் பஸ்ஸில் ஏறினார். அங்கே ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்திருந்த ஒரு பெண், கடலிலிருந்து பார்வையை எடுக்காமலே, பக்கத்து இருக்கையில் இருந்த பையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.