வானத்துக்கு ஒரு விடைக்குறிப்பு

அந்தக் கல்லூரியின் வானிலைத் துறை தரைத்தளத்தில் இருந்தது. அதற்கு ஜன்னலே இல்லை என்று சொன்னால் பொய். நான்கு ஜன்னல்கள் உண்டு. நான்கையும் மறைத்து இரும்பு பீரோக்களை நிறுத்தி வைத்திருந்தார்கள். பீரோக்களுக்குள் மேகங்களைப் பற்றியும் காற்றைப் பற்றியும் தடித்தடியான புத்தகங்கள் இருப்பதாகச் சொல்லிக்கொண்டார்கள். சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டால் ஒருவரை ஒருவர் கைகாட்டினார்கள்.

முதல் நாள் வகுப்பில் துறைத்தலைவர் ஒவ்வொருவராக எழுப்பி, இந்தப் படிப்புக்கு ஏன் வந்தீர்கள் என்று கேட்டார். வேறு எதிலும் இடம் கிடைக்கவில்லை என்றான் ஒருவன். அடுத்தவளும் அதையே சொன்னாள். இன்னொருவன், தன் வீட்டுப் பக்கம் வரும் பஸ் நேராக இந்த வாசலில்தான் நிற்கும் என்றான். தலைவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெயின்டரின் மகள் எழுந்து, "எனக்கு வானம் பிடிக்கும் சார். சின்ன வயசுலேருந்து மேகம் பாத்துட்டே இருப்பேன்" என்றாள். வகுப்பே சிரித்தது. அதைக்கூட மன்னித்துவிடலாம். தலைவரும் வயிறு குலுங்கச் சிரித்தார். இத்தனை வருஷ சர்வீஸில் இப்படி ஒரு கேஸ் தன்னிடம் வந்ததே இல்லை என்று ஆசிரியர் அறையில் போய்ச் சொல்லி அங்கேயும் சிரிப்பு மூட்டினார்.

அவள் அப்பா கட்டடங்களுக்கு வண்ணம் அடிக்கிறவர். வெளிச்சுவரில் அடித்தது காய்வதற்குள் மழை பிடித்துக்கொண்டால் அன்றைய உழைப்பு முழுவதும் சுவரோடு வழிந்து சாக்கடைக்குப் போய்ச் சேரும். அதனால் பள்ளி விடுமுறை நாட்களில் மகளைச் சாரத்தின் அடியில் உட்கார வைத்து, "மேல ஒரு கண்ணு வச்சுக்கோம்மா" என்பார். அவள் இரண்டு கண்ணையும் வைத்தாள். எந்த மேகம் சும்மா பூச்சாண்டி காட்டிவிட்டு நகர்ந்துவிடும், எது வாளியோடு கவிழ்க்கும் என்று பார்த்துப் பார்த்தே அவளுக்குப் பழகிப்போனது. பழகியது பிறகு பைத்தியமாகி, அந்தப் பைத்தியம் அவளை இந்தத் துறையில் கொண்டுவந்து தள்ளியது. அப்பா மறுபேச்சுப் பேசவில்லை. சித்தப்பா சும்மா இருப்பாரா? "மழை வருமான்னு சொல்ல டிகிரி எதுக்கு? என் முட்டி வலிச்சா மழை, வலிக்கலன்னா வெயில்" என்று வரும்போதெல்லாம் சொல்வார். அந்த முட்டி எல்லாக் காலத்திலும் வலித்துக்கொண்டுதான் இருந்தது.

துறைக்கு ஓர் ஆய்வுக்கூடமும் உண்டு. மொட்டை மாடியில் காற்று திசைகாட்டி ஒன்று துருப்பிடித்து, எந்தக் காற்றுக்கும் அசையாமல் ஒரே பக்கம் முறைத்துக்கொண்டு நின்றது. அதன் பக்கத்தில் வெப்பமானி வைக்கிற வெள்ளை மரப்பெட்டி. பலகைச் சட்டங்களுக்கு இடையே காற்று புகுந்து வருவதால் உள்ளே சாப்பாடு கெடாது என்று கண்டுபிடித்த அட்டெண்டர் தன் டிபன் டப்பாவை அதற்குள்தான் வைப்பார். டப்பா சூடாக வரும் நாட்களில் கல்லூரியின் வெப்பநிலை கொஞ்சம் ஏறும். பெயின்டர் மகள் ஒருநாள் அதைத் துறைத்தலைவரிடம் போய்ச் சொன்னாள். "ஆராய்ச்சின்னா கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கத்தான்மா செய்யும்" என்றார் அவர். அன்றைக்கே அவளுக்கு இந்த இடத்தின் மேல் இருந்த மதிப்பு போய்விட்டது. வானத்தின் மேல் இருந்தது போகவில்லை. வகுப்பு முடிந்ததும் தனியாக மாடிக்குப் போய் அண்ணாந்து நின்றுவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவாள்.

இறுதியாண்டில் விமான நிலைய வானிலை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி ஆள் எடுக்க வந்தார். ஒவ்வொருவரிடமும் அவர் கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான்: வெளியே இப்போது வானம் எப்படி இருக்கிறது? மாணவமணிகள் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்துச் சொன்னார்கள். இவள் மட்டும் உள்ளே வரும்போது கண்ணில் பட்டதைச் சொன்னாள். மெல்லிய கீற்று மேகம், மேற்கே கொஞ்சம் கனமாக, சாயங்காலத்துக்குள் தடிக்கும். அதிகாரி எழுந்து போய் வராந்தாவில் நின்று பார்த்துவிட்டு வந்து அவளையே எடுத்துக்கொண்டார். படிப்பை முடித்த சான்றிதழோடு வந்தால் வேலை. அப்பா அன்று தெருவில் ஒருவர் பாக்கியில்லாமல் பிடித்து நிறுத்திச் சொன்னார். சித்தப்பாவின் முட்டிக்குக்கூடக் கொஞ்ச நாள் ஓய்வு கிடைத்தது.

அந்தச் சான்றிதழுக்கும் அவளுக்கும் நடுவே ஒரு செய்முறைத் தேர்வு நின்றது. மேகம் பார்க்கும் தேர்வு. மாணவர்கள் மொட்டை மாடிக்குப் போக வேண்டும். வானத்தை எட்டுப் பங்காக மனசுக்குள் பிரித்து, அதில் எத்தனை பங்கை மேகம் மூடியிருக்கிறது, அது என்ன வகை மேகம் என்று எழுத வேண்டும். கேட்கப் பிரமாதமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கல்லூரியின் சட்டப்படி எந்தக் கேள்வித்தாளும் விடைக்குறிப்பு இல்லாமல் அச்சுக்குப் போகாது. தேர்வுக்கு வெகு முன்பே விடைக்குறிப்பை உறையில் போட்டு அரக்கு வைத்துக் கொடுத்தாக வேண்டும். வரப்போகும் வானம் எப்படி இருக்கும் என்று துறைத்தலைவருக்கு எப்படித் தெரியும்? அவர் யோசித்து மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. எந்தக் காலத்திலோ யாரோ எழுதி வைத்த 'திரள் மேகம், எட்டில் மூன்று' என்பதையே வருஷா வருஷம் எடுத்துப் போட்டார். சீனியர்கள் ஜூனியர்களுக்கு அதைச் சொல்லிவிட்டுப் போனார்கள். மாடியில் நிழல் பார்த்து ஒதுங்கி நின்று, தரையைப் பார்த்து, மூன்று என்று எழுதிவிட்டு இறங்கினால் தேர்ச்சி. இப்படித் தேர்ச்சி பெற்றவர்கள் எத்தனை பேர் எங்கெங்கே உட்கார்ந்து ஊருக்கு மழை சொல்கிறார்களோ!

தேர்வு நாளில் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. பஞ்சு அளவுக்குக்கூட மேகம் இல்லை. பக்கத்து பெஞ்சுக்காரி அவள் விலாவில் இடித்தாள்.

"மூணுன்னு எழுதித் தொலைடி. பெரிய இவளாட்டம் யோசிக்காத."

"எங்கடி இருக்கு மூணு? காட்டு பாப்போம்."

"விடைக்குறிப்புல இருக்கும். வேலை கிடைக்கணும்னா எழுது."

அவள் எழுதவில்லை. இவ்வளவு வெயிலில் நின்று வியர்த்துக்கொண்டிருக்கிற ஆசிரியர்களுக்கு அண்ணாந்து பார்க்கக் கண்ணுமா இல்லாமல் போகும் என்று நினைத்தாள். 'மேகம் இல்லை, எட்டில் பூஜ்யம்' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தாள். மதிப்பெண்ணாகவும் அதையே அவளுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். வகுப்பில் தவறியது அவள் ஒருத்திதான்.

துறைத்தலைவர் அறையில் அவளை உட்காரச் சொல்லவில்லை.

"சார், அன்னிக்கு மேகமே இல்ல."

"தெரியும்மா. நானும் அங்கதான நின்னேன்? வேர்த்து ஊத்துச்சு."

"அப்புறம் எப்படி சார் தப்பு போட்டாங்க?"

"ஆன்சர் கீல மூணு இருக்கு, நீ பூஜ்யம்னு எழுதியிருக்க. திருத்துறவர் கீயைப் பாப்பாரா, ஆகாசத்தைப் பாப்பாரா?"

"ஆகாசத்தைப் பாக்கத்தான சார் பரீட்சையே?"

தலைவர் பேனா மூடியைத் திருகிக்கொண்டே அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "கீ சரியாத்தான்மா இருக்கு. அன்னிக்கு வானம்தான் சரியில்ல. அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கல்லூரி முதல்வருக்குப் புகார் எழுதினாள். விமான நிலைய அதிகாரிக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை, நம்பவுமில்லை. துணைத்தேர்வு வரைக்கும் இடத்தை வைத்திருப்பதாகவும் அதற்கு மேல் தன் கையில் இல்லை என்றும் சொன்னார். வீட்டில் சித்தப்பாவுக்கு மறுபடி உயிர் வந்தது. "வானத்துல ஒண்ணுமே இல்லன்னு எழுதி பெயிலான ஒரே ஆளு நம்ம வீட்டுலதான் இருக்கு" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்தார். அப்பா மட்டும், "உன் மேல தப்பு இல்லன்னா விடாத" என்றார்.

புகாரை விசாரிக்கக் குழு கூடியது. துறைத்தலைவர், தேர்வு அதிகாரி, எந்தக் கமிட்டியானாலும் டீக்காக வந்து உட்கார்ந்துவிடும் வேதியியல் பேராசிரியர் ஒருவர். வெளிச்சத்தில் கண் கூசுகிறது என்று திரையை இழுத்து மூடிக்கொண்டு, அன்றைக்கு வானம் எப்படி இருந்தது என்று விவாதித்தார்கள். கடைசியில் மாணவி சொல்வதில் நியாயம் இருக்கிறது என்று ஒருமனதாக ஒப்புக்கொண்டார்கள். ஆனால் பழைய முடிவுகளைத் தொட்டால் மூன்று என்று எழுதியவர்கள் எல்லோரையும் பெயிலாக்க வேண்டி வரும், கல்லூரியின் மானம் கப்பலேறும். ஆகவே அவள் தவறியது தவறியதுதான். விடைக்குறிப்பை மட்டும் திருத்திவிடுவது என்று தீர்மானம் போட்டார்கள்.

தலைவர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். இந்தத் தடவை நாற்காலி காட்டினார்.

"நீ கேட்டபடியே ஆயிடுச்சு. உன் பதிலையே கீ ஆக்கிட்டோம். இனிமே மேகம் இல்ல, எட்டில் பூஜ்யம்."

"சார், துணைத்தேர்வு மழைக்காலத்துல வருது."

"அதனால?"

"அன்னிக்கு மேகம் இருந்தா?"

"பாரும்மா," என்றார் தலைவர், இப்போது குரலில் தேன் இல்லை. "உனக்காக மூணு பேர் உக்காந்து மாத்தியிருக்கோம். மறுபடியும் குதர்க்கம் பண்ணினா யாரும் உன்னைக் காப்பாத்த முடியாது. வேலை வேணுமா வேண்டாமா?"

வேலை வேண்டும். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. கண்ணாடிச் சுவர் வைத்த கோபுர அறையில் உட்கார்ந்து, நாள் முழுக்க வானத்தைப் பார்ப்பதற்கென்றே சம்பளம் தருகிற இடம் அது. அதை விட்டால் வேறு எதற்கு இவ்வளவு அவமானம்?

துணைத்தேர்வு அன்று காலையிலேயே அப்பா போன் செய்தார். "வெளிச்சுவரு ஆரம்பிக்கலாமாம்மா?" அவள் தெருவில் நின்று ஒரு தடவை மேலே பார்த்துவிட்டு, "வேண்டாம்ப்பா. உள் வேலை பாருங்க" என்றாள். போன தேர்வுக்கே வராமல் அரியர் வைத்திருந்த மற்றவர்களோடு மாடிக்கு ஏறும்போது இடி தூரத்தில் உருண்டுகொண்டிருந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வானம் முழுவதையும் கார்திரள் மேகம் மூடியிருந்தது. அதன் அடிவயிற்றிலிருந்து பசுவின் மடி மாதிரி மேகப் பைகள் தொங்கிக்கொண்டிருந்தன. ஒன்றல்ல, இரண்டல்ல, கண்ணுக்கு எட்டிய வரைக்கும். எங்கோ மேகம் மெலிந்த இடத்தில் கசிந்த வெயில் ஒவ்வொரு பையின் ஓரத்திலும் பட்டு மஞ்சளாக எரிந்தது. இந்த மேகத்தை அவள் படத்தில்தான் பார்த்திருக்கிறாள். ஆயுசில் ஒரு தடவை நேரில் பார்க்கக் கிடைத்தால் போதும் என்று ஏங்கியிருக்கிறாள்.

"அடேயப்பா!" என்று ஒரு குரல் கேட்டது. தேர்வு நடத்த வெளியூரிலிருந்து வந்திருந்த பேராசிரியர். அட்டெண்டர் பிடித்த குடையை விலக்கிவிட்டு, வாயைத் திறந்தபடி அண்ணாந்து நின்றார். அரியர்காரர்களும் பார்த்தார்கள். மூன்று வருஷத்தில் அவர்கள் மேலே பார்த்தது அன்றைக்குத்தான் இருக்கும்.

"சார், தூறல் போடறதுக்குள்ள முடிச்சுடலாம்" என்றார் துறைத்தலைவர். பேராசிரியர் உடனே குடைக்குள் வந்துவிட்டார். எல்லோரும் குனிந்து எழுத ஆரம்பித்தார்கள்.

அவள் பேனாவைத் திறந்தாள். எட்டில் எட்டு என்று கை எழுதத் துடித்தது. எழுதினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். தலைவர் பரிதாபமாகச் சிரிப்பார். கண்ணாடி அறையில் வேறு யாரோ போய் உட்காருவார்கள், போனைப் பார்த்து வானம் சொல்கிறவன் எவனாவது. அப்பா தெருவில் தலை குனிந்து நடப்பார். இதையெல்லாம் வரிசையாக நினைத்துப் பார்த்து, தனக்குத் தானே நியாயம் சொல்லிக்கொண்டாள். பிறகு அந்த மேகத்துக்கு அடியில் நின்றுகொண்டே, 'மேகம் இல்லை, எட்டில் பூஜ்யம்' என்று எழுதினாள். முதல் சொட்டு தாளில் விழுந்து 'இல்லை' கொஞ்சம் கலங்கியது. அவள் அதன் மேல் இன்னொரு தடவை அழுத்தி எழுதினாள்.

தாளை வாங்கிப் பார்த்த தலைவருக்கு முகமெல்லாம் பல். "வெரி குட். இப்பத்தான் உனக்குப் படிப்பு ஏறியிருக்கு" என்று முதுகில் தட்டினார். "தேங்க்ஸ் சார்" என்றாள். சொன்ன வாயைக் கழுவிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. இத்தனை நாளும் இந்தக் கட்டடத்தில் இருந்த ஒவ்வொருவரையும் மட்டமாகப் பார்த்தவள், இன்று அப்படிப் பார்க்க வேண்டியது தன்னைத்தான் என்று தெரிந்து, கைப்பிடிச் சுவரைப் பார்த்தபடி படி இறங்கினாள்.

கீழே பைக்குள் போன் அடித்துக்கொண்டிருந்தது. அப்பா. பின்னால் வேலையாட்களின் கூச்சலும் மழைச் சத்தமும் கேட்டன.

"ஏம்மா, மேல அது என்ன மேகம்? பை பையா தொங்குது! உள்ள வேலை பாத்தவங்கல்லாம் ஓடியாந்து தெருவுல நின்னு பாக்கறாங்க. எம் பொண்ணைக் கேட்டா பேரு சொல்லுவான்னு சொல்லியிருக்கேன். நீ பாத்தியாம்மா?"



"இல்லப்பா," என்றாள். "பாக்கல. பரீட்சையில இருந்தேன்."