மாட்டுத் தராசில் ஏறிய வண்டி

மாட்டு டாக்டரின் உயரம் நாலடி பத்து அங்குலம். முட்டவரும் காளைகூட அவள் ஓர் அதட்டல் போட்டால் அடங்கி நிற்கும். அடங்காதது அவளுடைய பைக் மட்டும்தான். பெட்ரோலோடு நூற்றுத் தொண்ணூற்றெட்டுக் கிலோ கனத்தில், தார்ச்சாலைக்கென்றே செய்த வண்டி அது. அதை அவள் பதினோரு வருடமாக மேய்ச்சல் மலைக்கு ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தாள். சாலை முடிகிற இடத்திலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் ஒற்றையடிப் பாதை. நடுவில் ஒரு தொங்குபாலம், அதைத் தாண்டினால் உருளைக்கற்கள் நிறைந்த ஓர் ஓடை.

போன மாதம் அந்த ஓடையில் வண்டி வழுக்கி அவள் இடது கால்மேல் சாய்ந்தது. நல்லவேளை, எலும்பு முறியவில்லை. ஆனால் வண்டியைத் தூக்கவும் முடியவில்லை, காலை உருவவும் முடியவில்லை. ஆடு மேய்க்கிற பெண் ஒருத்தி தற்செயலாக அந்தப் பக்கம் வந்து, கம்பைக் கொடுத்து நெம்பித் தூக்கும்வரை இரண்டரை மணி நேரம் தண்ணீரில் கிடந்தாள். குளிர்பெட்டி திறந்துகொண்டு தடுப்பூசி மருந்து அத்தனையும் பாழாய்ப் போனது. கால் வலியைவிட அதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல்.

கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். யார் யாரோ ஓட்டுகிற வண்டியில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டே இருபது வருடம் பிழைப்பு நடத்தியவர். எங்கே என்ன மோதும் என்று முன்கூட்டியே பார்ப்பது அவருக்குத் தொழில்.

"டவுன் ஆஸ்பத்திரிக்கு மாத்தல் கேளு. நாய், பூனைன்னு பாத்துக்கிட்டு நிம்மதியா இருக்கலாம்" என்றார்.

"நாய் பூனைக்கு அங்க நாலு பேர் இருக்காங்க. மேல ஆயிரத்தி எழுநூறு ஆட்டுக்கு நான் ஒருத்திதான்."

"சரி, ஜீப் கேட்டு வாங்கு."

"தொங்குபாலம் வந்ததும் ஜீப்பை மடிச்சுப் பையில வச்சுக்கவா?"

அவர் தேநீரை ஆற்றினார். ஆறிப்போன தேநீரைத்தான் ஆற்றுகிறோம் என்று அவருக்கே தெரிந்திருந்தது.

மழைக்கு இன்னும் ஆறு வாரம்தான். அதற்குள் மேலே உள்ள மந்தைகளுக்கெல்லாம் ஆட்டுக்கொல்லி நோய்க்கு ஊசி போட்டாக வேண்டும். மலைப்பாதைக்கென்றே எடை குறைந்த பைக் ஒன்று புதிதாக வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, சனிக்கிழமை காலையிலேயே கடைக்குப் போய்விட்டாள். கணவரும் கூட வந்தார். எப்படியாவது மனசை மாற்றிவிடலாம் என்று ஒரு நப்பாசை.

வண்டி ஒல்லியாக, கால் நீண்டு, வெட்டுக்கிளி மாதிரி நின்றது. முன்சக்கரம் பெரிது. வயிற்றுக்குக் கீழே ஒரு ஆட்டுக்குட்டி நுழைந்து போகலாம், அவ்வளவு இடைவெளி.

"நூத்தியெட்டு கிலோதான் மேடம். பூ மாதிரி" என்றார் விற்பனையாளர். மடிப்புக் கலையாத சட்டை, மடிப்புக் கலையாத பேச்சு.

"பெட்ரோல் ஊத்தியா, ஊத்தாமலா?"

அவர் கையிலிருந்த தாளைப் புரட்டினார். "அது வந்து... ஊத்தாமதான் மேடம்."

"நான் ஊத்தித்தான் ஓட்டுவேன்" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தாள். ஏறியது என்னவோ ஏறிவிட்டாள், கால் இரண்டும் தரைக்கு எட்டாமல் அந்தரத்தில் தொங்கின. கணவர் வேறு பக்கம் திரும்பி இருமினார்.

"மேடத்துக்கு ஸ்கூட்டர் ஒண்ணு காட்டட்டுங்களா?"

"ஸ்கூட்டர் வேணாம். இதையே ஒரு நாளைக்குக் குடுங்க. நிறுத்துப் பாக்கணும்."

நிறுத்துப் பார்ப்பது என்றால் யோசித்துப் பார்ப்பது என்று விற்பனையாளர் நினைத்துக்கொண்டார். முதலாளியிடம் கேட்டு, வண்டியோடு தானும் கூட வருவதாக ஒத்துக்கொண்டார். கால்நடை ஆஸ்பத்திரிப் பின்முற்றத்தில் மாடு நிறுக்கிற இரும்புத் தட்டின்மேல் அவள் வண்டியை உருட்டி ஏற்றிய பிறகுதான் அவருக்கு விஷயம் விளங்கியது.

டாங்க் நிறையப் பெட்ரோல், கருவிப் பை, குளிர்பெட்டி எல்லாம் சேர்த்து முள் நூற்று இருபத்தாறில் நின்றது. அதே சாமான்களோடு பழைய வண்டியையும் ஏற்றினாள். இருநூற்று எட்டு.

"எண்பத்திரண்டு. நல்லா வளர்ந்த கன்னுக்குட்டி ஒண்ணு. இத்தனை வருஷமா அதையும் சேத்துத்தான் சுமந்திருக்கேன்" என்றாள்.

பிறகு புது வண்டியை முற்றத்தின் நடுவே உருட்டிவந்து, மெதுவாகத் தரையில் படுக்கவைத்தாள்.

"மேடம், புது வண்டி மேடம்" என்று விற்பனையாளர் ஈனக்குரலில் சொன்னார்.

"கீறல் விழுந்தா என் பொறுப்பு."

கைப்பிடியைப் பற்றி இழுத்தாள். பாதி எழுந்து மறுபடி படுத்துக்கொண்டது. இரண்டாவது தடவை செருப்பு வழுக்கி அவளும் கூடவே உட்கார்ந்தாள். கணவர் கையை நீட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"கிட்ட வராதீங்க. ஓடையில நீங்க இருக்க மாட்டீங்க."

அவர் அப்படியே நின்றுவிட்டார். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு வந்தாள். வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். எழ முடியாமல் கிடக்கிற பசுவை யாரும் தலையைப் பிடித்து இழுப்பதில்லை, இடுப்புக்குத்தான் முட்டுக் கொடுப்பார்கள். வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தி, இருக்கையில் இடுப்பை அண்டக் கொடுத்து, ஒரு கையில் கைப்பிடியையும் மறுகையில் பின்கம்பியையும் பிடித்துக்கொண்டு, குதிகாலை ஊன்றி அடி அடியாகப் பின்னால் தள்ளினாள். முகம் சிவந்தது. வண்டி முனகக்கூடச் செய்யாமல் எழுந்து நின்றது.

விற்பனையாளர் கிட்டே வந்தார். "இன்னொரு தடவை செஞ்சு காட்டுங்க மேடம். கடைக்கு வர்றவங்களுக்கு நான் சொல்லிக்குடுப்பேன்."

அவருக்காக ஒரு தடவை, தனக்காக நாலு தடவை, மொத்தம் ஐந்து தடவை படுக்கவைத்துத் தூக்கினாள். கடைசித் தடவைக்குள் கணவர் மாட்டுத் தராசின்மேலேயே உட்கார்ந்துவிட்டார். முள் எழுபத்தொன்பது காட்டியதை யாரும் கவனிக்கவில்லை.

மதியம் மூவரும் அதே ஓடைக்குப் போனார்கள், சாலை முடிந்தபின் அவள் வண்டியில், மற்ற இருவரும் நடந்து. ஆண்கள் இருவரும் கரையில் பாறைமேல் நின்றார்கள். அவள் குறுக்கும் நெடுக்குமாக ஆறு தடவை ஓட்டினாள், மூன்று தடவை விழுந்தாள். மூன்று தடவையும் தானே தூக்கினாள். முழுக்க நனைந்துபோய்க் கரையேறியபோது, புகழ்ந்து ஏதாவது சொல்லலாம் என்று விற்பனையாளர் வாயெடுத்தார்.

அவள் முந்திக்கொண்டாள். "சீட்டு பலகை மாதிரி இருக்கு. டாங்க் சின்னது, ரெண்டு நாள் தங்கிட்டு வரணும்னா கேன்ல பெட்ரோல் தூக்கணும். ரோட்டுல லாரி போனா காத்துல ஆடுது. இதெல்லாம் நீங்க சொல்லவேயில்லை."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் மேடம்."

கணவர் இன்னும் ஓடையையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது அவர் கண்ணில் பயம் இல்லை. மாணவர் செய்கிற தப்பைப் பிடித்துவிட்ட வாத்தியாரின் பார்வை அது.

"ஒண்ணு கவனிச்சியா? ஓட்டறப்ப நீ விழவே இல்லை. நிக்கறப்பதான் மூணு தடவையும் விழுந்த."

"கால் எட்டலையே."

"எட்டற எடமா பாத்து நில்லு. நடுத்தண்ணியில எதுக்கு நிறுத்தற? எறங்கறதுக்கு முந்தியே எந்தக் கல்லுல கால் வைக்கப்போறோம்னு முடிவு பண்ணிக்கோ. நின்னா ஒரு பக்கமா நகந்து ஒத்தக் காலை மட்டும் ஊணு. ரெண்டும் ஊணணும்னு பாக்காத." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார். "சீட்டுல ரெண்டு விரக்கடை பஞ்சை வெட்டிடலாம்."

"அப்புறம் சீட்டுக்கு கம்பெனி பொறுப்பு எடுத்துக்காது சார்" என்றார் விற்பனையாளர்.

"அதுல உக்காரப்போறது கம்பெனியா?"

அவள் கணவர் சொன்னபடியே இன்னும் நாலு தடவை ஓடையைக் கடந்தாள். ஒரு தடவை மட்டும் விழுந்தாள். வண்டியை நிமிர்த்தி, கைப்பிடியில் ஒட்டியிருந்த பாசியைத் துடைத்துவிட்டு, "திங்கட்கிழமை வண்டி எடுத்துக்கறேன்னு எழுதிக்குங்க" என்றாள்.

முதல் மழை விழுவதற்குள் ஆயிரத்து அறுநூற்று நாற்பது ஆடுகளுக்கு ஊசி போட்டு முடித்தாள். மிச்சம் அறுபது ஓர் ஆளுடைய மந்தை. ஊசி போட்டால் ஆடு இளைத்துவிடும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. அவள் வருகிற சத்தம் கேட்டதும் மந்தையை மலைக்கு அந்தப்புறம் ஓட்டிக்கொண்டு போய்விட்டார். காலியான பட்டியைப் பார்த்துவிட்டு அன்று அவள் திரும்பிவிட்டாள். மறுநாள் காலை பத்து மணிக்கு, மலைக்கு அந்தப்புறம், அவர் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த மரத்தடியில் வந்து வண்டியை நிறுத்தினாள். உடம்பெல்லாம் சேறு.

அவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "இவ்வளவு தூரம் மறுபடி வரமாட்டீங்கன்னு நெனச்சேன் டாக்டரம்மா."

"நாளைக்கு இன்னும் அந்தப் பக்கம் போனாலும் வருவேன்" என்றாள் அவள், குளிர்பெட்டியைத் திறந்தபடி. "முதல்ல அந்தக் கொம்பு ஒடிஞ்ச கிடாவைப் பிடிங்க."