பாகத்தில் வந்த இரண்டு டயர்

...புது டயரை முன்னுக்குப் போட்டால் டிரைவர் அடைக்கலம் பிழைப்பான், பின்னுக்குப் போட்டால் வண்டி ஜெயிக்கும், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நாச்சியப்பன் தன்னையே கேட்டுக்கொண்டான்... பெற்ற அப்பச்சி கண்ணை மூடியதும் தம்பி குமரப்பனோடு பாகம் பிரித்தபோது ஆளுக்கொரு கார், ஆளுக்கொரு டிரைவர், அடைக்கலம் இவனுக்கு, அடைக்கலத்தின் தம்பி சேவுகன் அவனுக்கு, அறையில் கிடந்த நாலு புது டயரையும் விடவில்லை, ஆளுக்கு இரண்டு, காருக்கு நாலு சக்கரம் என்பது அன்றைக்கு ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்து ரப்பர் வரத்து நின்ற பிறகு புது டயருக்கு எங்கே போவது? மற்ற இரண்டும் ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு வழுக்கையானவை. பின் அச்சில் பஸ்ஸின் பல்சக்கரத்தை மாட்டச் சொன்னதும் இவன்தான், கண்மாய்க்கரையிலிருந்து ஆலமரம் வரைதானே தம்பியோடு பந்தயம், எடுத்த எடுப்பில் இழுவை வேண்டும், ஆனால் அந்த இழுவைக்கு வழுக்கை டயர் நின்ற இடத்திலேயே சுற்றும்... போன தடவை அப்படித்தான் சுற்றிப் புழுதி கிளம்ப, குமரப்பன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்புக்குப் பிறகு இவனுக்குச் சோறு இறங்கவில்லை.

அடைக்கலம் ஜாக்கியோடு காத்திருந்தான். "ஐயா, முன்னாடி ஒண்ணு வெடிச்சா வண்டி சொன்ன பேச்சுக் கேக்காதுங்க. புதுச முன்னாடி போட்டுக்கிருவமா?"

"பயமா இருந்தாச் சொல்லு, வேற ஆளப் பாத்துக்கிறேன். பின்னாடி மாட்டு."

சொல்லும்போது சுகமாகத்தான் இருந்தது. குனிந்த அந்த முதுகைப் பார்க்கப் பார்க்க இன்னும் சுகம்... குமரப்பன் இளகின மனசுக்காரன், சேவுகனுக்குத் தலைவலி என்றால் தானே காபி எடுத்துக்கொண்டு போவான், அவன் முன்னுக்குத்தான் போட்டிருப்பான், அங்கேதான் தோற்கப்போகிறான் மடையன்.

கண்மாய்க்கரையில் குமரப்பனின் கார் வந்து நின்றதும் நாச்சியப்பன் பார்த்தது அதன் பின் சக்கரத்தைத்தான். கன்னங்கரேலென்று புதுசு. முன்னால் இரண்டும் ஒட்டு. வயிறு எரிந்தது, ஜெயம் கைவிட்டுப் போச்சே என்றுதான் எரிந்தது, வேறு எதற்காகவும் இல்லை... அடைக்கலமும் சேவுகனும், அண்ணன் வண்டியைத் தம்பியும் தம்பி வண்டியை அண்ணனும் சுற்றிவந்து பார்த்துவிட்டு, ஏறி உட்கார்ந்தார்கள். "என்னண்ணே, நீங்களும் பின்னாடிதானா?" என்று குமரப்பன் கண்ணைச் சிமிட்டினான். நிறுத்தச் சொல்ல இன்னும் நேரம் இருந்தது, வாய் ஏன் திறக்கவில்லை, ரோஷமா, பயமா... இரண்டும் இல்லை, இவனும் நம்மைப் போலத்தான் என்று, பாகம் பிரித்த நாளிலிருந்து இல்லாத பாசம் தம்பிமேல் அந்த நிமிஷம் பொங்கிக்கொண்டு வந்தது, அதை என்ன செய்வதென்று தெரியாமல் பந்தயம் கிளம்பத் துண்டை இறக்கச் சொல்லி, அதைத் தூக்கிப் பிடித்து நின்றவனுக்குக் கை காட்டினான்.