தாகமா இருக்கா என்று கேட்டவர்

1

இந்தக் கதை எனக்கு நீதிமன்ற வராந்தாவில் கிடைத்தது. நகல் வாங்கும் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற மக்லோவியா மூன்று மணி நேரத்தில் சொல்லி முடித்தாள். மெக்சிகோவில் நகல் பிரிவு மட்டும் சுறுசுறுப்பாக இயங்கினால் என்னைப் போன்ற எழுத்தாளர்கள் பட்டினிதான்.

முதல் தொடக்கம்: 'மழை கொட்டிய அந்த இருண்ட மாலையில்...'

வேண்டாம். காலை பதினொரு மணி, நல்ல வெயில். சந்தையில் தமால் என்னும் சோளமாவுக் கொழுக்கட்டை விற்றுக்கொண்டிருந்தவளை ஆள்கடத்தல் வழக்கில் போலீஸார் பிடித்துப் போனார்கள். கண்ணைக் கட்டி, மல்லாக்கப் படுக்கவைத்து, முகத்தில் துணியைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினார்கள். ஒவ்வொரு வாளிக்கும் முன்னால் ஒரு குரல் மிக மரியாதையாகக் கேட்டது: "தாகமா இருக்காம்மா?"

மூன்றாவது வாளியில் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டாள். மருத்துவர் 'காயம் ஏதுமில்லை' என்று எழுதினார். பொய் சொல்லவில்லை; தண்ணீர் காய்ந்துவிடும். நான்கு வருடம் கழித்து உண்மையான கடத்தல்காரர்கள் சிக்கியதும் அவளை விடுவித்தார்கள். அரசின் மன்னிப்புக் கடிதத்தில் அவள் பெயர் தவறாக இருந்தது.

2

அவள் வெளியே வந்து மறுபடி தமால் விற்கத் தொடங்கிய பிறகு ஒரு நாள், காவலர்களுக்குச் சித்திரவதைத் தடுப்புப் பயிற்சி. சட்டப்படி கட்டாயம். காலை உணவு மக்லோவியாவின் தமால். பாடம் எடுத்தவர் கமாண்டர் எஃப்ரைன். முன்வரிசையில் யாரோ இருமியதும் ஒலிபெருக்கியில் கனிவாகக் கேட்டார்: "தாகமா இருக்கா? தண்ணி அந்தப் பக்கம் வச்சிருக்கு."

(பாத்திரம் அவள் கையிலிருந்து நழுவி விழுந்தது என்று எழுதி அடித்துவிட்டேன். விழவில்லை. ஐம்பது பேருக்கும் பரிமாறி, பாத்திரம் கழுவி வைத்துவிட்டுத்தான் வழக்கறிஞர் ஓர்தென்சியாவிடம் போனாள்.)

"முகத்தைப் பாத்திருக்கியா?"

"கண்ணைக் கட்டிட்டு எந்த முகத்தைப் பாக்குறது, வக்கீலம்மா?"

"அப்ப உன் காதை நம்பித்தான் கேஸ்."

3

குரலை அடையாளம் காட்ட, நீதிமன்றத்தில் திரைக்குப் பின்னால் ஆறு ஆண்கள். எதிர்த்தரப்பு வக்கீலின் யோசனைப்படி எல்லோரும் ஒரே வாக்கியத்தைப் படித்தார்கள்: 'எவரையும் சித்திரவதைக்கு உட்படுத்தலாகாது.' ஆறு பேரும் அருமையாகப் படித்தார்கள்.

"அடையாளம் தெரியுதா?" என்றார் நீதிபதி.

"தெரியலைங்கய்யா. எனக்கு யாரும் சட்டம் படிச்சுக் காட்டலையே. தாகமா இருக்காம்மான்னு கேக்கச் சொல்லுங்க."

எதிர்த்தரப்பு வக்கீல் துள்ளி எழுந்தார். "இப்படிப் பேசச் சொல்றது என் கட்சிக்காரருக்கு மன உளைச்சல் குடுக்கும்! இதுவும் ஒரு சித்திரவதைதான்!"

(இது என் கற்பனை என்று நினைப்பீர்கள். எனக்கு இவ்வளவு கற்பனை கிடையாது. பதிவேட்டில் இருக்கிறது.)

நீதிபதி அனுமதித்தார். ஒன்று கேட்டது. இரண்டு கேட்டது. மூன்று உளறியது. நான்காவது குரல் வந்ததும் மக்லோவியா நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டாள். அடுத்த இருவரையும் பொறுமையாகக் கேட்டு முடித்தாள்.

"நாலு."

திரை விலகியது. நான்காவதாக நின்றவர் எஃப்ரைன்.

4

முடிவு அ: கமாண்டருக்குப் பதினைந்து ஆண்டு. (இதை எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.)

முடிவு ஆ: மக்லோவியா அவரை மன்னித்து... (இதை எழுதினால் என் மேலேயே வழக்குப் போட வேண்டும்.)

நடந்தது இது: அவரைக் காவலில் வைத்தார்கள். மேல்முறையீட்டில் 'காது அறிவியல் அல்ல' என்று சொல்லி வெளியே விட்டார்கள். வழக்கு இன்னும் நடக்கிறது; குரல் நிபுணரின் அறிக்கைக்குப் பதினான்கு மாதம் காத்திருக்க வேண்டும். பயிற்சி வகுப்பு மட்டும் தடைபடவில்லை; வேறொரு கமாண்டர் எடுக்கிறார்.

எப்படி முடிக்கலாம் என்று அவளிடமே கேட்டேன்.

"முடிக்காதீங்க சார். நீங்க முடிச்சீங்கன்னா படிக்கிறவங்க, பாவம் பொம்பளைன்னு சொல்லிட்டுப் படுத்துத் தூங்கிருவாங்க. கோர்ட்டுலயும் ஃபைலை மூடிருவாங்க."

ஆகவே முடிக்கவில்லை. அடுத்த விசாரணை செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு, மூன்றாவது மாடியில். பார்வையாளர்களுக்கு இருபத்திரண்டு நாற்காலிகள் போட்டிருக்கிறார்கள். போன தடவை இருபத்தொன்று காலி.