ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளவும்

எம்லின் ப்ராதரோ ஒரு காலத்தில் ஸ்வான்சீ நகரத்து விருந்தினர் வரவேற்புக் குழுவின் தலைவராக இருந்தவர். அந்தக் குழுவைக் கலைத்துப் பல வருடங்கள் ஆகிவிட்டன என்ற செய்தி ஊரில் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்திருந்தது, அவரைத் தவிர. ரொட்டிக் கடை வரிசையில்கூட, பின்னால் வரும் வெளிநாட்டுத் தூதுக்குழுவுக்கு வழிகாட்டுபவரைப் போலத்தான் நிற்பார்.

வீட்டில் அவர் ஒருவர்தான். மனைவி ஓல்வென் போன பிறகு, வெளியே கிளம்பும்போது சமையலறை வானொலியை அணைப்பதில்லை. திருடர்கள் வராமலிருக்க என்று பக்கத்து வீட்டு மெய்ராவிடம் காரணம் சொல்லியிருந்தார். திரும்பி வரும்போது உள்ளே யாரோ பேசிக்கொண்டிருப்பது நன்றாக இருந்தது என்பதைச் சொல்லவில்லை.

மகள் நெரிஸ் வடக்கே அபர்டீனில் வேலையாக இருந்தாள். அம்மாவை அடக்கம் செய்ய வந்து போனதோடு சரி. போன வாரம் தொலைபேசியில், "முடிஞ்சா அடுத்த மாசம் வரேன்ப்பா, பாக்கலாம்" என்றாள். எம்லினின் காதில் 'வரேன்' மட்டும் விழுந்தது. அன்று மாலையே சுற்றுலாத் திட்டம் எழுத உட்கார்ந்துவிட்டார்.

முதல் நாள் சந்தையில் மட்டியும் கடற்பாசி விழுதும் காலை உணவு. இரண்டாம் நாள் கோட்டை, அருங்காட்சியகம், கடலுக்குள் நீளும் மம்பிள்ஸ் பாலத்துறை. மூன்றாம் நாள் கவர் தீபகற்பம். ரோசிலியிலிருந்து கடல் வற்றும் நேரத்தில் பாறைகள் மேல் நடந்து, வோர்ம் என்ற தீவுக்குப் பயணம். ஒவ்வொன்றின் கீழும் 'சிறப்புரை: திரு. எம்லின் ப்ராதரோ' என்று இருந்தது. லேமினேட் செய்து ஒரு பிரதியை மகளுக்குத் தபாலில் அனுப்பினார். இன்னொன்று குளிர்பெட்டிக் கதவில் ஏறியது.

மெய்ரா சூடாக வெல்ஷ் கேக் கொண்டுவந்தவள், அதை நின்று படித்தாள்.

"மூணு நாளும் நீயேதான் பேசறே. அந்தப் பொண்ணு எப்பப் பேசும்?"

"கேள்வி நேரம் வெச்சிருக்கேன் பார். கோட்டைக்கு அப்புறம்."

"பத்து நிமிஷமா!"

"தேவைப்பட்டா நீட்டிக்கலாம்."

"எம்லின், அவ பொறந்து வளர்ந்த ஊருய்யா இது. அவளுக்கா நீ மம்பிள்ஸக் காட்டப் போறே? அந்தப் பாலத்துறையிலதான் ஒரு பையன் அவளுக்கு முதல் முத்தம் குடுத்தான். ஊருக்கே தெரியும்."

"எனக்குத் தெரியாதே."

"தெரிஞ்சிருந்தா அதுக்கும் ஒரு சிறப்புரை போட்டிருப்பே." சிரித்து முடித்துவிட்டு அவள் குரலை இறக்கினாள். "கடற்பாசின்னா அவளுக்குக் குமட்டும், மறந்துட்டியா? சரி, அதை விடு. வாம்மான்னு வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னியா?"

"திட்டத்தை அனுப்பியிருக்கேனே!" என்றார் எம்லின், அதைவிட வாய் திறக்க என்ன இருக்கிறது என்பதுபோல.

வெள்ளோட்டம் பார்க்காமல் அவருடைய குழு எந்த விருந்தினரையும் எங்கும் அழைத்துப் போனதில்லை. ஆகவே அந்தச் சனிக்கிழமை, வானொலியைப் பேசவிட்டுவிட்டு, மூன்றாம் நாளை ஒத்திகை பார்க்க அவர் தனியாக ரோசிலிக்குப் போனார்.

கடலோரக் காவல் குடிசைக்கு வெளியே, எத்தனை மணிக்குள் கரை திரும்ப வேண்டும் என்று பலகையில் எழுதியிருந்தது. அந்தப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். கடல் ஏறி வற்றும் நேரங்களைச் சொல்லும் பழைய ஓத அட்டவணைகள் குளிர்காலக் கடிகாரத்தின்படி அச்சானவை. கோடையில் ஊர்க் கடிகாரங்களையெல்லாம் ஒரு மணி முன்னால் தள்ளி வைப்பதால், அட்டவணையோடு ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். இப்போதெல்லாம் பலகையிலேயே கூட்டி எழுதிவிடுகிறார்கள். அதைச் சின்ன எழுத்தில் போட்டும் இருந்தார்கள். தலைவருக்கு மூக்குக்கண்ணாடி எடுப்பாக இருக்காது என்பதால் அது சட்டைப்பையில் இருந்தது.

லீட்ஸிலிருந்து வந்த ஒரு தம்பதி பலகையைப் பார்த்துவிட்டுத் தயங்கி நின்றார்கள்.

"பதினோரு மணிக்குள்ள திரும்பணும்னு போட்டிருக்கே சார்?" என்றான் கணவன்.

"அது வெளியூர்க்காரங்களுக்கு. பன்னெண்டு வரைக்கும் தாராளமா இருக்கு. நான் இங்கேயே பொறந்தவன்."

"அப்ப நீங்க போயிட்டு வாங்க சார்," என்றாள் மனைவி. "நாங்க இங்கேருந்தே பாக்கறோம்."

வோர்மின் புல்மேட்டில் நின்று எம்லின் சிறப்புரையை முழுதாக ஆற்றினார். நெரிஸ் சிரிக்க வேண்டிய இடத்தில் நிறுத்தி, காத்திருந்தார். கீழே பாறையில் ஒரு கடல்நாய் கொட்டாவி விட்டது.

திரும்பி இறங்கியபோது வழி இல்லை. பாறைகள் இருந்த இடத்தில் கடல் இருந்தது. அக்கரையிலிருந்து ஒலிபெருக்கி, "தண்ணில இறங்காதீங்க சார், அங்கேயே இருங்க, சாயங்காலம் வழி விடும்" என்று கத்தியது. லீட்ஸ் தம்பதி கையசைத்தார்கள். எம்லினும் மேடையிலிருந்து அசைப்பவரைப் போல அசைத்தார்.

சட்டைப்பையில் கைபேசி அதிர்ந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டார், பார்க்க யாருமில்லை. 'அப்பா, திட்டம் வந்துது. அடுத்த மாசம் வேலை நெருக்கடி, வர முடியாது. நீங்க இவ்வளவு சிரமப்படாதீங்க.'

இரண்டு முறை படித்துவிட்டு அழைத்தார்.

"அப்பா, இப்பத்தான் எழுதினேன்..."

"பார்த்தேன்மா. பரவாயில்லை."

"அது என்ன சத்தம்? கடலா?"

"வோர்ம்ல இருக்கேன்."

"தண்ணி ஏறலையா அங்கே?"

"ஏறிடுச்சு."

பிறகு நெரிஸ் சிரித்தாள். அடிவயிற்றிலிருந்து வந்து, மூச்சு முட்டி, மறுபடி தொடங்கும் சிரிப்பு. ஓல்வெனின் சிரிப்பு. எம்லின் கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"ஒரு மணி நேரம் கூட்டினீங்களா?"

"கூட்டினேன்."

"கண்ணாடியப் போட்டுப் படிங்கன்னு அம்மா தலைதலையா அடிச்சுக்குவாளே!"

இப்போது கேட்டுவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது. வா என்று ஒரே எழுத்து. தொண்டையைச் செருமினார். அந்தச் செருமலுக்குப் பின்னால் எது வந்து பழகியதோ அதுவே வந்தது: "மூணாம் நாள் நிகழ்ச்சியில ஒரு சின்னத் திருத்தம் தேவைப்படும்."

சிரிப்பு நின்றது. "எனக்கு மீட்டிங் இருக்குப்பா. கரைக்கு வந்ததும் சொல்லுங்க."

கடல் அவசரப்படவில்லை. கொண்டுபோயிருந்த சாண்ட்விச் இரண்டையும் எம்லினே தின்றார். ஒன்று அவளுக்கென்று ஒத்திகைக்காகக் கட்டியது. வழி விட்டபோது வெயில் சாய்ந்திருந்தது. அக்கரையில் தம்பதியைக் காணவில்லை. குடிசையும் பூட்டியிருந்தது.

காரில் உட்கார்ந்து மகளை அழைத்தார். மணி அடித்து ஓய்ந்து, செய்தியைப் பதிவு செய்யச் சொன்னது.

"ஸ்வான்சீ நகரத்தின் சார்பில்..." என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்தினார். "நெரிஸ், கரைக்கு வந்துட்டேன். நீ இங்கே ஒண்ணும் பாக்க வேண்டாம். சும்மா வா. எப்ப முடியுதோ அப்ப வா."

கேள்வி நேரத்தில் காத்திருப்பதுபோலக் கொஞ்சம் காத்திருந்தார். அது தானாகத் துண்டித்துக்கொண்டது.

வீட்டு வாசலில் சாவியை எடுக்கும்போது உள்ளே ஒரு பெண் குரல் பேசுவது கேட்டது. அவர் கதவை அவசரமாகத் திறந்து, கூடத்தில் நாலடி வைத்த பிறகுதான் வானொலி நினைவுக்கு வந்தது.