மூன்று அடி

உதயகுமார் அண்ணனுக்குத் தலை சுற்றாத ஆள் ஒருவர் தேவைப்பட்டார். எனக்கு அங்கே வேலை கிடைத்தது அதனால்தான்.

அம்பத்தூர் மேனாம்பேட்டில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. வேம்புலி என்பவருடைய வீட்டு மாடியில், பன்னிரண்டுக்குப் பத்தில் ஓர் அறை. அண்ணனும் அவருடைய தங்கை காவ்யா அக்காவும் அதில் உட்கார்ந்து ஒரு வி.ஆர். விளையாட்டு செய்துகொண்டிருந்தார்கள். முகத்தில் ஒரு கனமான பெட்டியை மாட்டி, இரண்டு கையிலும் இரண்டு பிடிகளைப் பிடித்துக்கொண்டால் போதும். அறை மறைந்துவிடும். எதிரே பழைய கோட்டை ஒன்றின் வாசல். கையில் பிடி இருந்த இடத்தில் ஒரு குண்டாந்தடி. இது 2017இல். அம்பத்தூரில் அப்போது அந்தப் பெட்டியைக் கண்ணால் பார்த்தவர்களே குறைவு.

துப்பாக்கியால் சுடுகிற விளையாட்டுகள் வந்துவிட்டன, சுடுவதற்கு ஒரு விரல் போதும் என்பார் அண்ணன். அவருக்கு வேண்டியது அடிதடி. ஆளுக்கு ஆள், கைக்குக் கை. ஆனால் சோதித்துப் பார்க்க வந்தவர்களெல்லாம் பத்து நிமிடத்தில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். அண்ணனின் நண்பர் அப்துல் ரசாக் மாடிப்படியிலேயே வாந்தி எடுத்தார். ஒரு நாள் அம்மா சொல்லி நான் அறையைப் பெருக்கப் போயிருந்தேன். காவ்யா அக்கா விளையாட்டாக எனக்கு மாட்டிவிட்டார். நாற்பது நிமிடம் கழித்து அவர்களே கழற்றினார்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஒன்பதாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்திலிருந்து நின்றுவிட்டேன். பெயர் பொன்னியம்மா. ஊர் அம்மன் பெயர். எழுந்து நின்று அந்தப் பெயரைச் சொல்வதற்கே எனக்குத் தொண்டை அடைக்கும். பாடத்தை எங்கே வாசிப்பது? அண்ணன் இரண்டு நாள் என்னைக் கேள்வி கேட்டுப் பார்த்தார். என் வாயிலிருந்து எதுவும் வரவில்லை. மூன்றாம் நாள் ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கிக் கொடுத்து, பேச வராவிட்டால் எழுது, காலையில் நான் படித்துக்கொள்கிறேன் என்றார். எழுதுவதற்கு எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. வீட்டில் அரிசி டிரம்முக்குப் பின்னால் நான் எழுதி நிரப்பிய எட்டு நோட்டு இருந்தது. அது யாருக்கும் தெரியாது.

வேலை இதுதான். அறை நடுவில் ஒரு தேங்காய்நார்க் கால்மிதி கிடக்கும். அதன்மேல் வெறுங்காலோடு நிற்க வேண்டும். பெட்டியின் ஒயர் தரையில் கிடந்தால் காலில் மாட்டும் என்று மின்விசிறியைக் கழற்றிவிட்டு அந்தக் கொக்கியில் ஒயரைத் தொங்கவிட்டிருந்தார்கள். அதனால் அறை வேகும். ஒரே ஒரு மேசை விசிறி. கால்மிதியை விட்டு இறங்கவே கூடாது. ரசாக் அண்ணன் ஒரு முறை இறங்கிச் சுவரில் குத்தி, பிடி ஒன்றை உடைத்திருந்தார். அன்றிலிருந்து அதுதான் அந்த அறையின் சட்டம்.

கோட்டை வாசலில் ஒரே ஒரு காவல்காரன். காவ்யா அக்கா செய்தவன். அவனுக்கு வேம்புலியின் மீசையை அப்படியே வைத்திருந்தார். கீழே இருக்கும் வேம்புலிக்கு அது தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் தலைக்குமேல் விழும் தொம் தொம் சத்தம்தான். வாரத்துக்கு ஒரு முறை படியேறி வந்து, "மேல இன்னா, மாவு இடிச்சிகினு கீறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போவார். அவர் மீசையைப் பார்த்ததும் எனக்குக் கை தன்னால் ஓங்கும்.

விளையாட்டில் ஒரு குறை இருந்தது. என்ன குறை என்று யாருக்கும் பிடிபடவில்லை. மீசைக்காரன் நடந்து வருவான். மூக்கோடு மூக்கு உரசுகிற மாதிரி வந்து நிற்பான். நான் நின்ற இடத்திலேயே கையை ஆட்டினால் தடி அவன் வயிற்றுக்குள் புகுந்து முதுகு வழியாக வரும். அவன் ஒன்பது அடி வாங்கிவிட்டு விழுவான். காற்றைத் துடைப்பதுபோல் இருக்கும். ஒவ்வொரு அடிக்கும் பிடி நடுங்குகிற மாதிரி செய்தார்கள். சத்தம் சேர்த்தார்கள். அப்போதும் துடைப்பதுபோல்தான் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை பெங்களூரிலிருந்து மனோகரன் என்ற ஒருவர் பார்க்க வருவதாக இருந்தது. அவர் கம்பெனிக்குப் பிடித்தால் விளையாட்டு தொடரும். பிடிக்காவிட்டால் திங்கட்கிழமை முதல் சென்னீர்குப்பத்தில் மச்சானுடைய வெல்டிங் ஷெட்டுக்கு வேலைக்குப் போவதாக அண்ணன் தம் மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தார். இரண்டு வருடம் இந்த ஒரு கோட்டை வாசலோடு போயிருந்தது. இதை அவர் எங்களிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். அன்று முழுவதும் அவர் விசைப்பலகையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

வியாழக்கிழமை மாலை எனக்குத் தோள்பட்டை கழன்றுவிடும்போல வலித்தது. ஒன்பது முறை அடித்தால்தான் விழுவான் என்றால் யாருக்குத்தான் கை வலிக்காது? நோட்டில் எழுதினேன்: 'மீசைக்காரன் மூன்று அடி. அதற்கு மேல் வேண்டாம்.'

வெள்ளிக்கிழமை காலை பெட்டியை மாட்டினேன். மீசைக்காரன் வந்தான். வந்தவன் நின்றுவிட்டான்.

எனக்கும் அவனுக்கும் நடுவில் இடம் இருந்தது. தடியை வீசினேன். அவன் மார்பைப் பின்னால் இழுத்துக்கொண்டான். தடி ஒரு சாண் முன்னாலேயே காற்றில் போனது. அவன் அடிக்கவில்லை. தடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இடப்பக்கம் இரண்டு எட்டு, வலப்பக்கம் இரண்டு எட்டு, என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். இத்தனை நாளும் அவன் என்னைப் பார்த்ததே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. எனக்கு உள்ளங்கை வேர்த்தது. சட்டத்தை மறந்து வலது காலைக் கால்மிதியிலிருந்து இறக்கி முன்னே வைத்தேன். அதே நொடி அவன் தடி என் தலைக்கு வந்தது. குனிந்தேன். குனிந்தபடியே அவன் விலாவில் ஒன்று போட்டேன். பிடி நடுங்கியது. முதல் முறையாக அது எதன்மேலோ பட்டது.

காவ்யா அக்கா திரையில் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு என் உள்ளங்கை தெரியாது. தெரிந்ததெல்லாம் கிட்டே வராத ஒரு காவல்காரன்.

"இன்னாண்ணா இது? பொண்ணு பாக்க வந்தவனாட்டம் தள்ளியே நிக்கிறான். நாளைக்கு ஆள் வராரு. எதுக்கு இதுல கை வச்ச?"

நோட்டில் இருந்ததைத்தான் செய்தேன் என்றார் அண்ணன். மூன்று அடி தூரத்தில் நிற்கச் சொல்லி எழுதியிருந்தது, நிறுத்தியிருக்கிறேன் என்று பக்கத்தைப் புரட்டிக் காட்டினார். அக்கா படித்தார். பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"பொன்னி, நீ எந்த அடிய எழுதின?" என்று அக்கா கேட்டார்.

நோட்டை வாங்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி எழுதினேன். 'நான் எழுதியது அடிக்கிற அடி. என் தப்புதான்.' அதோடு கொடுத்திருக்கலாம். கொடுத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் பழையபடி மாற்றியிருப்பார்கள். பென்சிலைக் கடித்துக்கொண்டு நின்றேன். பிறகு கீழே எழுதினேன்: 'ஆனால் மாற்ற வேண்டாம். இப்போதுதான் அவனுக்கு என்னைத் தெரிகிறது. கிட்டே போக எனக்குப் பயமாக இருந்தது. போனேன்.'

அக்கா அதைச் சத்தமாகப் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் அவர் குரல் இறங்கியது. அண்ணன் பெட்டியை எடுத்துத் தம் முகத்தில் மாட்டிக்கொண்டார். சிறிது நேரம் அசையாமல் நின்றார். பிறகு அவர் கால் கால்மிதியிலிருந்து இறங்கியது. உடனே பின்னால் தாவி என் பெருக்குமாற்றை மிதித்தார். பெட்டியைக் கழற்றியபோது முகமெல்லாம் சிரிப்பு.

"தோ பாரேன். ரெண்டு வருசமா அவன நானே கட்டிப்பிடிக்க வச்சிகினு இருந்திருக்கேன்."

"அப்ப ரெண்டுமே மூணு வச்சிடு," என்றார் அக்கா. "மூணு அடி தள்ளி நிக்கட்டும், மூணு அடியில உழட்டும்."

அன்று மாலைவரை அதைச் செய்தார்கள். யாராவது இறங்கினால் கை சுவரில் இடிக்காமலிருக்க, நான் கோரைப்பாய்களைக் கொண்டுவந்து சுவரோரம் நிறுத்தினேன்.

மனோகரன் சனிக்கிழமை பதினொரு மணிக்கு வந்தார். உயரமான மனிதர். ஷூவைக் கழற்றி, காலுறையையும் கழற்றி மடித்து ஷூவுக்குள் வைத்தார். அண்ணன் ஒவ்வொன்றாக விளக்கினார். ஒயர், பிடி, தடி. அவரைக் கால்மிதியின்மேல் நிற்க வைத்தார். இரண்டு வருடமாக எல்லோரிடமும் சொல்லி வந்ததை இவரிடமும் சொன்னார்.

"கால்மிதிய உட்டு மட்டும் இறங்காதீங்க சார்."

மனோகரன் சொன்னதைக் கேட்கிற ஆள். இறங்கவில்லை. மீசைக்காரன் வந்தான், மூன்று அடியில் நின்றான். மனோகரன் வீசினார். அவன் பின்னால் சாய்ந்தான். இன்னொரு வீச்சு. மறுபடியும் சாய்ந்தான். அவர் கையைத் தொங்கவிட்டு நின்றார். திரையில் அவனும் தடியை ஓங்கியபடி இப்படியும் அப்படியும் நடந்துகொண்டிருந்தான்.

"ஹேங் ஆயிடுச்சா?" என்றார் மனோகரன்.

அண்ணன் கணினியைப் பார்த்தார். அதில் எந்தத் தப்பும் இல்லை. அக்கா எதையோ தட்டிப் பார்த்தார். தப்பு கணினியில் இல்லை, தேங்காய்நாரில் இருக்கிறது என்று இருவருக்குமே தோன்றவில்லை. அவர்களுக்கு அந்தச் சட்டம் அவ்வளவு பழகியிருந்தது. மனோகரனுடைய கை பெட்டியைக் கழற்றுவதற்காகத் தலைக்குப் போனது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். நான் நோட்டை எடுத்தேன். பெட்டிக்குள் இருப்பவர் எப்படிப் படிப்பார்?

"ஒரு அடி," என்றேன்.

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. மனோகரன் கையை இறக்கி, நின்ற இடத்திலிருந்தே ஓர் அடி வீசினார். பலமான அடி. காற்றில் போனது.

"அந்த அடி இல்ல சார். கால். காலெடுத்து ஒரு அடி முன்ன வைங்க. அவன் வரமாட்டான். நீங்கதான் போணும்."

"கால்மிதி?"

"உட்டுருங்க சார்."

அவர் வலது பாதத்தால் கால்மிதியின் விளிம்பைத் தடவிப் பார்த்தார். அந்தப் பெரிய வெள்ளைப் பாதம் தரையில் இறங்கியது. திரையில் தடி வந்தது. அவர் 'ஐயோ' என்று குனிந்தார், முட்டி தரையில் தொம்மென்று இடித்தது, அங்கிருந்தே எழுந்து ஒன்று போட்டார். கீழேயிருந்து வேம்புலி மாவைப் பற்றிக் கத்தியது கேட்டது. மனோகரன் பின்வாங்கினார், மூச்சு வாங்கினார், மறுபடி காலை வைத்தார். மூன்றாவது அடியில் மீசைக்காரன் விழுந்தான். இன்னொரு முறை என்றார். பிறகு இன்னொரு முறை. கோரைப்பாய் ஒன்று சரிந்து விழுந்தது.

பெட்டியைக் கழற்றியபோது அவர் தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது. தாம் நின்றிருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டார். கால்மிதி எங்கோ பின்னால் கிடந்தது. இவன் ஒருவன் போதாது, இன்னும் நான்கைந்து பேர் வேண்டும், எத்தனை மாதமாகும் என்று கேட்டார். ஆறு என்றார் அண்ணன். அதே நேரத்தில் நாலு என்றார் அக்கா. சரி, அஞ்சு என்றார் மனோகரன். படியிறங்கும்போது அந்தப் பெண் என்ன வேலை செய்கிறது என்று விசாரித்தாராம். அண்ணன் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. நான் அப்போது பாயை நிமிர்த்திக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை பத்து மணிக்குப் போனேன். அண்ணனுடைய செருப்பு மாடிப்படியில் இருந்தது. அறைக்குள் விசைப்பலகை சத்தம் கேட்டது. நடுவில் கிடந்த தேங்காய்நார்க் கால்மிதியை உதறி, வாசற்படிக்கு வெளியே போட்டிருந்தார்கள். நான் அதில் காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன்.